கடலோர ஊரில் ஊரே நடிக்கும் நாடகம்: புதிதாக இறங்குபவர்களுக்கு

2011 ஏப்ரல் 22, பெரிய வெள்ளி. தெற்கு வேல்ஸில் போர்ட் டால்பட் என்ற இரும்பாலை ஊர். விடிந்தும் விடியாத வேளையில் அபராவன் கடற்கரையில் சில நூறு பேர் வந்து நின்றிருந்தார்கள். அங்கே தொடங்கிய நாடகம் ஞாயிறு அந்தியில்தான் முடிந்தது. கடற்கரை, கடைவீதி, நெடுஞ்சாலைப் பாலத்தின் அடி, தொழிலாளர் மனமகிழ் மன்றம், கடைசியில் கடலோரச் சாலையின் ரவுண்டானா என்று மூன்று நாளும் அது ஊருக்குள் நடந்துகொண்டே இருந்தது. உள்ளூர்க்காரர்கள் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் அதில் பங்கெடுத்தார்கள்.

நாடகத்தின் பெயர் ‘தி பேஷன்’. நம் ஊரில் பாஸ்கா என்கிறோமே, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம், அதன் வழியில் வந்தது. அதே ஊரில் வளர்ந்த நடிகர் மைக்கேல் ஷீன் முதன்மை வேடம் ஏற்று, பில் மிட்செலுடன் சேர்ந்து இயக்கினார். எழுதியவர் ஓவன் ஷியர்ஸ். நடத்தியது நேஷனல் தியேட்டர் வேல்ஸ். சொந்த அரங்கம் இல்லாமல், முதல் ஆண்டிலேயே வேல்ஸின் பல ஊர்களில் மாதத்துக்கு ஒன்றாகப் படைப்புகளை மேடையேற்றிய நிறுவனம். அந்த ஆண்டின் நிறைவுப் படைப்பு இது.

மக்களோடு சேர்ந்து கலை செய்ய வேண்டும் என்று வரும் இளைஞர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த நாடகத்தைப் பற்றித்தான். அவர்கள் வந்ததும் கேட்பது “மேடை எங்கே போடலாம்?” என்ற கேள்வி. அது ஏழாவது எட்டாவது கேள்வியாக வர வேண்டியது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வேல்ஸில் எப்படிச் செய்தார்கள் என்பதோடு, நம் கரையில் நான் கற்றதையும் தேவையான இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

முதல் படி: கையில் கதை இல்லாமல் ஊருக்குள் நடங்கள்

ஒரு வாரமாவது நடங்கள். அதிகாலை, உச்சிவெயில், கடைசி பஸ் போன பிறகு என்று வேளை மாற்றி மாற்றிப் போங்கள். ஊருக்கு எத்தனை கடிகாரம் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் இதன் நோக்கம். போர்ட் டால்பட்டில் ஆலையின் ஷிப்ட் ஒரு கடிகாரம், கடலின் ஓதம், அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் நேரம், இன்னொன்று, பள்ளி விடுமுறை மூன்றாவது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், ஒத்திகைக்கு ஆள் கிடைக்கும். ஆனால் கையில் காசு இருக்காது. அந்த நாட்களில் “எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு வாங்க” என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கடலோர ஊரில் பெண்களுக்கான ஒத்திகையை மாலை நாலு மணிக்கு வைத்தேன். நாலு நாள் ஒருவரும் வரவில்லை. ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டி, பெண்கள் வரும் காட்சியையே எடுத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு வந்திருந்தேன். ஐந்தாம் நாள் தெருவில் ஒரு அக்கா நிறுத்திச் சொன்னார்: “தம்பி, நாலு மணிக்குத்தான் தண்ணி லாரி வருது. குடத்த விட்டுட்டு நாடகத்துக்கு வரச் சொல்றீங்களா?” நேரத்தை ஏழு மணிக்கு மாற்றினோம். முப்பது பேர் வந்தார்கள். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் நோட்டின் முதல் பக்கத்தில் தண்ணீர் வரும் நேரத்தைத்தான் குறித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: கேளுங்கள்

இந்தப் படிக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் ஒதுக்க வேண்டும்.

போர்ட் டால்பட் நாடகத்தின் நாயகனுக்குப் பெயர் ‘ஆசிரியர்’. நாற்பது நாள் காணாமல் போய்த் திரும்பி வருகிறார், நினைவெல்லாம் அழிந்த நிலையில். ஆசிரியர் என்று பெயர் இருந்தும் அவர் உபதேசம் செய்வதில்லை. ஊர்க்காரர்களைப் பார்த்து, உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்கிறார். அவர்கள் சொல்லச் சொல்ல அவர் நிரம்புகிறார். கதையின் இந்த முடிச்சும், நாடகத்தை உருவாக்கிய முறையும் ஒன்றேதான். ஊரில் எது எது போயிற்று என்று ஊர்க்காரர்கள் சொன்னதிலிருந்துதான் நாடகமே உருவானது.

அந்த ஊரில் போனவை நிறைய. 1966இல் திறந்த புறவழிச்சாலை, இன்றைய எம்4 நெடுஞ்சாலை, ஊரின் நடுவே தூண்கள் மேல் போகிறது. அதற்காக வீடுகளை இடித்தார்கள், தெருக்களை அழித்தார்கள். லுவெலின் தெருவில் ஒரு பக்கத்து வீடுகள் போய்விட்டன. எதிர்ப் பக்கத்து வீடுகள் இன்றும் கான்கிரீட் தூண்களைப் பார்த்தபடி நிற்கின்றன. நாடகத்தின் ஒரு பகுதி அந்தத் தெருவிலேயே நடந்தது. ஞாயிறு அந்தியில், கடலோர ரவுண்டானாவில் சிலுவையில் தொங்கும் ஆசிரியருக்கு நினைவு திரும்புகிறது. “எனக்கு நினைவிருக்கிறது” என்று கத்திவிட்டு, ஊர் இழந்த தெருக்கள், இடங்கள், மனிதர்கள் என்று பெயர் பெயராகச் சொல்கிறார். சுற்றி நின்ற கூட்டத்துக்கு அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் தெரிந்த பெயர்கள்.

இந்தக் காட்சி எழுத்தாளரின் மேஜையில் தானாகப் பிறக்காது. யாரோ ஊருக்குள் போய்க் கேட்டு, பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. “உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று தொடங்காதீர்கள். நோட்டோடு வருபவர் எல்லாரும் அதிகாரியோ தொண்டு நிறுவனமோ என்று ஊர் பழகியிருக்கிறது; உங்களுக்கும் மனுதான் கிடைக்கும். நாகைப் பக்கம் ஒரு குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில், கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவிடம் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பட்டா வரவில்லை, கூரை ஒழுகுகிறது என்று சொன்னார். எழுதிக்கொண்டேன். அவை உண்மையான குறைகள்தான். பிறகு வேறு மாதிரி கேட்டேன்: “பழைய ஊர்ல, கோயிலுக்கும் கடலுக்கும் நடுவுல யார் யார் வீடு இருந்துச்சு ஆயா?”

அவர் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தார். மணலில் விரலால் ஒரு கோடு இழுத்து, இதுதான் தெரு என்றார். பக்கத்தில் கிடந்த கிளிஞ்சல்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக வைத்தார். இது வலை பின்னுறவர் வீடு. இது அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வாக்கப்பட்டாங்களே, அந்த வீடு. இது டீக்கடை, கடன் குடுக்க மாட்டான். இது எங்க வீடு, வாசல்ல பூவரசு. பதினாலு கிளிஞ்சல். சில இடத்தில் விரல் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு நகர்ந்தது. அந்தத் தெருதான் பின்னால் எங்கள் நாடகத்தின் முதல் காட்சி ஆனது.

நடைமுறையாகச் சில விஷயங்கள். முதல் சந்திப்பில் போனை எடுத்துப் பதிவு செய்யாதீர்கள். இரண்டாம் முறை போகும்போது அனுமதி கேட்டுச் செய்யுங்கள். சொன்னவர் பெயரை நாடகத்தில் பயன்படுத்தலாமா, கதையை மட்டும் பயன்படுத்தலாமா, எதுவுமே வேண்டாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். சாவைப் பற்றி ஒருவர் பேசத் தொடங்கினால் அடுத்த வேலையை மறந்துவிட்டு உட்காருங்கள். பாதியில் எழுந்து போகும் அளவுக்கு எந்த ஒத்திகையும் அவசரமில்லை.

மூன்றாம் படி: ஊருக்குத் தெரிந்த எலும்புக்கூட்டைத் தேடுங்கள்

ஆயிரம் பேர் சேர்ந்து செய்யும் நாடகத்தில் ஆயிரம் பேருக்கும் முழு வசனத்தைக் கொடுத்துப் படிக்க வைக்க முடியாது. அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் பழைய கதை. இயேசுவின் கடைசி இராவுணவு, காட்டிக்கொடுப்பு, விசாரணை, சிலுவை என்ற வரிசை போர்ட் டால்பட்டில் கோயிலுக்குப் போகாதவருக்கும் தெரியும். ஷீன் சிறுவயதில் பக்கத்திலுள்ள மார்கம் பூங்காவில் பாடுகளின் நாடகம் பார்த்து வளர்ந்தவர். அந்தக் கூட்டுக்குள்தான் ஊரைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஒரு கற்பனை நிறுவனத்தையும், ஊர்க்காரர்களின் நினைவுகளையும் பொருத்தினார்கள். இராவுணவு ஒரு தொழிலாளர் மன்றத்தில் நடந்தது. மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் இசைக்குழு அங்கே வந்து வாசித்தது.

நமக்கு இது புதிதல்ல. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் படித்து, இரவில் கூத்தாடி, கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனின் மண்ணுருவத்தைச் சுற்றி ஊரே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, ஊர் முழுக்க நகரும் நாடகம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கா. உங்கள் ஊரில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஒரு சாதியாரின், ஒரு மதத்தாரின் கதையை ஊர்க் கதை என்று எடுத்துக்கொண்டால் மீதிப் பேர் வெளியே நிற்பார்கள். யாருக்கு இந்தக் கதைக்குள் வர வழி இல்லை என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். வழி போட முடியாத கதை என்றால், எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: ஆள் சேர்க்காதீர்கள், குழுக்களைச் சேருங்கள்

சுவரொட்டி ஒட்டி “நடிக்க விருப்பமுள்ளவர்கள் வரலாம்” என்றால் ஏற்கெனவே தைரியம் உள்ளவர்கள்தான் வருவார்கள். ஊரில் முன்பே கூடுகிறவர்களிடம் போங்கள். நம் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழு, கோயில் பாடகர் குழு, பறைக் குழு, கபடி அணி, பள்ளியின் சாரணர் படை, படகு பழுதுபார்க்கும் பட்டறைப் பையன்கள். அவர்களுக்கென்று தலைவர் இருக்கிறார், கூடும் நேரம் இருக்கிறது, ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுச் சமாதானமாகும் வழக்கமும் இருக்கிறது. குழுவுக்கு ஒரு முழுக் காட்சியைக் கொடுத்து, அதைத் தயார் செய்யும் பொறுப்பையும் அவர்களிடமே விடுங்கள். நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். எல்லாரையும் ஒன்றாகக் கூட்டும் பெரிய ஒத்திகை இரண்டோ மூன்றோ வைத்தால் போதும்; அதற்கு மேல் வைத்தால் ஊர் களைத்துவிடும்.

ஒவ்வொரு வேடத்துக்கும் மாற்று ஆள் வைத்திருங்கள். நாலில் ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு காட்சிகளை அமையுங்கள். கடலுக்குப் போனவர் காற்று மாறினால் திரும்ப முடியாது. அதற்கு அவரிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பணத்தைப் பற்றி முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். யாருக்குச் சம்பளம், யாருக்கு இல்லை, ஏன். வெளியூர்க் கலைஞருக்குக் கூலி உண்டு, உள்ளூர்ப் பறைக் கலைஞருக்கு “ஊருக்காக” என்று சொல்லி வெறுங்கை என்பது அநியாயம். கலைதான் அவர் பிழைப்பு என்றால் அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சோறும் வண்டிச் செலவும் கட்டாயம்.

ஷீன் போன்ற ஒரு முகம் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். அவர் பெயருக்குத்தான் கேமராக்கள் வந்தன, மறுக்க முடியாது. ஆனால் ஊருக்குள் கதவு திறந்ததற்கு, அவர் அந்த ஊர்ப் பிள்ளை என்பதும் முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். உங்களிடம் நட்சத்திரம் இல்லாமல் இருக்கலாம். ஊர்ப் பிள்ளை ஒருவர் முன்னால் நிற்காமல் மட்டும் தொடங்காதீர்கள்.

ஐந்தாம் படி: கடலிடம் தேதி கேளுங்கள்

போர்ட் டால்பட் இருக்கும் ஸ்வான்சி விரிகுடாவில் பெரிய ஓதத்தின்போது கடல் மட்டம் எட்டு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நம் சென்னைக் கரையில் ஒரு மீட்டரைத் தாண்டினாலே பெரிது. அங்கே காலையில் அரங்கமாக இருக்கும் மணல் மதியம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். ஈஸ்டர் என்பது பௌர்ணமிக்கு அடுத்து வரும் ஞாயிறு. அந்த ஆண்டு பௌர்ணமி ஏப்ரல் 18. அதாவது, ஓதம் பெரிதாக இருக்கும் நாட்களை ஒட்டித்தான் நாடகம். காட்சி நேரங்களை ஓத அட்டவணையை வைத்துக்கொண்டுதான் குறிக்க வேண்டும். நம் கரையில் ஓதம் சிறியது என்று அலட்சியம் வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியோடு கொண்டல் காற்றும் சேர்ந்தால் அலை எதுவரை வரும் என்பதைக் கரையில் வலை காயவைப்பவரிடம் கேளுங்கள். அவர் காட்டும் இடத்துக்கு இருபது அடி மேலே ஒயரையும் ஜெனரேட்டரையும் வையுங்கள்.

காற்றும் குரலும். பகலில், குறிப்பாக மதியத்துக்குப் பின், காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். நடிகர் கடலுக்கு முதுகு காட்டி, பார்ப்பவர் கடலைப் பார்த்து நின்றால் காற்றே குரலைக் கொண்டுவந்து சேர்க்கும். மாற்றி நிறுத்தினால் எவ்வளவு கத்தினாலும் வரி காற்றோடு போகும். காலர் மைக் வைத்தால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். பஞ்சு உறை போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான வசனத்தை மைக்கை நம்பிக் கடற்கரையில் வைக்காமல், சுவர் உள்ள தெருவில் வைப்பது நல்லது. கடற்கரைக்குப் பறை, கூட்டுப்பாட்டு, ஊர்வலம், தீப்பந்தம் போன்றவைதான் பொருந்தும்.

சூரியனையும் மறந்துவிடாதீர்கள். அபராவனில் சூரியன் கடல் பக்கம் மறைகிறது. அந்தியில் சிலுவைக் காட்சி வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. நம் கிழக்குக் கரையில் கடல் பக்கம் சூரியன் வருவது விடியலில்தான். ஆகவே நமக்கு அந்தக் காட்சி அதிகாலைக் காட்சி. படத்தில் பார்த்த அந்திக் காட்சியை அப்படியே கொண்டுவர முயன்றால், பொழுது வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் போய் மறைந்திருக்கும்.

மணலில் நடக்க, தார்ச்சாலையில் நடப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். முதியவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் வர, ஊர்வலப் பாதையில் ஒரு பகுதியாவது கெட்டித் தரையாக இருக்க வேண்டும். பாதையை நீங்களே ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள்.

அனுமதிகளை இங்கே நீட்டவில்லை: காவல் நிலையம், ஊராட்சி அல்லது நகராட்சி, மீனவப் பஞ்சாயத்து, தீயணைப்பு நிலையம், ஆம்புலன்ஸ். எழுத்தில் வாங்குங்கள், நகல் வையுங்கள். தண்ணீரில் இறங்கும் காட்சி இருந்தால் நீந்தத் தெரிந்த மீனவர் நாலு பேர் அந்த ஒரு வேலைக்கு மட்டும் நிற்க வேண்டும். இருட்டிய பிறகு யாரும் கடலில் கால் வைக்கக் கூடாது. காணாமல் போகும் குழந்தைகளுக்கு ஓர் இடம், அங்கே எழுந்து போகாத ஒரு பெரியவர்.

ஆறாம் படி: முடிந்த பிறகு எது ஊரில் இருக்கும்?

இதே போர்ட் டால்பட்டில் 2018 டிசம்பரில் ஓர் இரும்பாலைத் தொழிலாளியின் கராஜ் சுவரில், யாரென்று வெளியே காட்டிக்கொள்ளாத தெரு ஓவியர் பேங்க்ஸி ஓர் ஓவியம் வரைந்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் சிறுவன் பனியை நாக்கில் ஏந்துகிறான். மூலையைத் திரும்பிப் பார்த்தால் அது எரியும் குப்பையின் சாம்பல். அருமையான படம். கூட்டம் கூடியது, விற்பனையானது, சில காலம் ஊரிலேயே வைத்திருந்தார்கள், 2022இல் சுவரோடு ஊரைவிட்டுப் போய்விட்டது. வெளியிலிருந்து வந்த கலை, வந்த மாதிரியே போனது.

‘தி பேஷன்’ படமாகவும் வந்தது, சரி. ஆனால் அதை நடத்திய நேஷனல் தியேட்டர் வேல்ஸ் இன்று இல்லை. அரசின் கலை மன்றம் நிதியை நிறுத்துவதாக 2023இல் முடிவெடுத்தது; அடுத்த ஆண்டோடு நிறுவனம் முடிந்துவிட்டது. இரும்பு உருக்கும் ஊதுலைகளில் ஊரின் கடைசி ஊதுலையும் 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்தது. ஆலை 2007 முதல் டாடா நிறுவனத்தின் கையில். நிதி கொடுக்கும் அமைப்பும், ஊருக்குச் சோறு போடும் ஆலையும் நிலையில்லை என்றால், நாடகம் முடிந்த மறுநாள் ஊரின் கையில் எது இருக்கிறது என்பதை முதல் நாளே திட்டத்தில் எழுத வேண்டும்.

நான் எழுதிக்கொள்வது இவை. சேகரித்த கதைகளின் ஒரு முழுப் பிரதி ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ இருக்க வேண்டும். ஒளிப்பதிவு, நடித்தவர் ஒவ்வொருவருக்கும் போக வேண்டும். வாங்கிய ஒளிவிளக்கு, ஒலிபெருக்கி ஊர்க் குழுவின் பெயரில் இருக்க வேண்டும். ஒப்பனை, ஒலி, தையல் என்று ஒவ்வொரு வேலைக்கும் உள்ளூரில் இருவராவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும். வரவுசெலவுக் கணக்கை ஊர்ப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும்.

கடைசிப் படி: மறுநாள் காலை

நிகழ்ச்சி முடிந்த இரவே வண்டியேறிப் போய்விடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு வாரம் இருங்கள். கடன் வாங்கிய நாற்காலிகளை வீடு வீடாக நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மணலில் கிடக்கும் தகரம், ஆணி, ஒயர்த் துண்டு ஒவ்வொன்றையும் பொறுக்குங்கள். அங்கே வெறுங்காலோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கதை சொன்னவர்களை மறுபடி போய்ப் பாருங்கள், நோட்டோடு.

நான் அந்த ஆயாவைப் பார்க்கப் போனபோது அதே இடத்தில் உட்கார்ந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“டீக்கடைக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு வீட்ட விட்டுட்டேன் தம்பி. நேத்து நீங்க வரிசையாச் சொல்லும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது. உக்காரு, எழுதிக்க.”